புறா இருந்தால் மட்டும் கிரகோரியார் ஆகிவிடுமா? யாழ்ப்பாணப் பட்டறையில் செய்த 3 அடிச் சுரூபம்

யாழ்ப்பாண நகரத்துச் சுரூபப் பட்டறை ஒன்றில் அண்மையில் செய்து முடித்த 590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்த புனித பெரிய கிரகோரியாரின் பைபர் (கண்ணாடி இழை) சுரூபத்தைப் பற்றிய மதிப்பீடு இது. பீடத்தோடு உயரம் 3 அடி 4 அங்குலம், நிறை 11 கிலோ. கோயிலுக்குள் பாடகர் குழாம் நிற்கும் பக்கச் சுவரில், தரையிலிருந்து 5 அடி உயரத்தில் தாங்கி அடித்து வைப்பதற்காகச் செய்வித்தது. வார்ப்பு வேலை மோசமில்லை. முகத்திலும் உடுப்பின் மடிப்புகளிலும் கைத்திறன் நன்றாகவே தெரிகிறது. ஆனால் நிற்பவர் கிரகோரியார்தானா என்றால், முதற்தரம் கொண்டுவந்து இறக்கியபோது இல்லை. இரண்டு தரம் திருப்பி அனுப்பித் திருத்திய பிறகு, பெரும்பாலும் ஆம்.

இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்கக் காரணம் இருக்கிறது. கோயிலில் படமும் சுரூபமும் எதற்கு என்று மேற்குத் திருச்சபைக்குத் தெளிவாக எழுதி வைத்தவரே இவர்தான். மார்சேய் நகர ஆயர் செரேனுஸ், சனங்கள் படங்களை ஆராதிக்கிறார்கள் என்று கோபம் கொண்டு அவற்றை உடைத்துப்போட்டார். கிரகோரியார் அவருக்கு 599இலும் 600இலும் கடிதம் எழுதினார். ஆராதிக்கக்கூடாது என்று நீர் தடுத்தது சரி, உடைத்தது பிழை. வாசிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்து எதைச் செய்கிறதோ அதையே வாசிக்கத் தெரியாதவனுக்குப் படம் செய்கிறது என்பதுதான் அந்தக் கடிதங்களின் சாரம். அப்படிச் சொன்னவருடைய சுரூபம், கீழே பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் தான் ஆரென்று சொல்ல வேண்டும். மறைக்கல்விக்கு வரும் பிள்ளை அதைப் பார்த்து நாலு விசயம் படிக்க வேண்டும். இந்த மதிப்பீட்டில் எல்லாவற்றையும் அந்த அளவுகோலால்தான் அளந்திருக்கிறோம்.

பட்டறைகளில் ஒவ்வொரு புனிதருக்கும் தனித்தனி அச்சு இருக்காது. அடிக்கடி கேட்கப்படும் அந்தோனியார், செபஸ்தியார், சூசையப்பர், சந்தியோகுமையோர், மாதா சுரூபங்களுக்குத்தான் முழு அச்சு. மற்றவர்களுக்கு உடல் ஓர் அச்சு, தலை இன்னோர் அச்சு, கை வேறோர் அச்சு. இங்கே எடுத்தது ஆயர் ஒருவருடைய உடல். அதன் மேல் நீண்ட வெள்ளைத் தாடி வைத்த தலை. தலையில் மும்முடி, கையில் மூன்று குறுக்குச் சட்டம் போட்ட சிலுவைக்கோல், வலது தோளில் புறா. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் புறா வைத்த நத்தார் தாத்தா.

மும்முடியிலிருந்து தொடங்குவோம், பட்டறைக்காரர் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நின்றது அதில்தான். பாப்பரசர் என்றால் முடி வேண்டும் என்பது அவர்கள் வாதம். பழைய படங்களிலும் அப்படித்தான் இருக்கிறது என்று காட்டவும் செய்வார்கள், அது பொய்யும் அல்ல. ஆனால் மூன்று அடுக்கு முடி 14ஆம் நூற்றாண்டில் வந்தது. கிரகோரியார் இறந்தது 604இல். மூன்று சட்டச் சிலுவைக்கோலும் பிந்தி வந்ததே. அதைவிட முக்கியம், அந்த முடி அவருடைய வாழ்க்கைக்கே எதிராக நிற்கிறது. உரோமை நகரத்து உயர்குடும்பத்தில் 540ஆம் ஆண்டளவில் பிறந்து, 573 அளவில் நகரத்தின் தலைமை ஆளுநராக இருந்தவர், அந்தப் பதவியை உதறிவிட்டு செலியுஸ் குன்றில் இருந்த தன் தகப்பன் வீட்டையே புனித அந்திரேயா மடமாக மாற்றித் துறவியானார். சிசிலியில் இருந்த குடும்பக் காணிகளில் இன்னும் 6 மடங்கள் நிறுவினார். துறவு மடத்திலிருந்து பாப்பரசரான முதல் ஆள் அவர். பதவி வந்த பிறகும் மடத்தை நினைத்து ஏங்கிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரின் தலையில் மூன்று அடுக்குப் பொன்முடி வைத்தால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

முடி போனால் தலையில் என்ன வரும்? இதற்கு ஊகம் தேவையில்லை. 9ஆம் நூற்றாண்டில் அவருடைய வரலாற்றை எழுதிய யோவான் என்னும் தியாக்கோன் (திருத்தொண்டர்), அந்திரேயா மடத்துச் சுவரில் கிரகோரியாரின் உருவத்தைத் தன் கண்ணால் பார்த்து விவரித்திருக்கிறார். தகப்பன் கோர்தியானுசின் நீள முகமும் தாய் சில்வியாவின் வட்ட முகமும் கலந்த முகம். முன்நெற்றி ஏறிய வழுக்கை, அதில் சிறு சுருளாக இரண்டு மயிர்க்கற்றைகள். உச்சியில் பெரிய வட்டமாக மழித்த துறவிகளின் தலை. வளைந்த மூக்கு. தாடி அடர்த்தியில்லை, கொஞ்சம் செம்பட்டை. மேலே மண்ணிறப் பூசை மேலாடை, அதன்மேல் பல்லியம் என்னும் தோள்பட்டை, கையில் நற்செய்தி நூல். தலைக்குப் பின்னால் வட்ட ஒளி இல்லை, சதுரப் பலகை போன்ற ஒன்று. உயிரோடு இருப்பவரை வரைந்தால் அப்படித்தான் போடுவார்களாம். அந்த ஓவியம் இன்று இல்லை, விவரிப்பு இருக்கிறது. பட்டறைக்கு இதைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும்.

கன்னத்தையும் சொல்லி அனுப்புங்கள். முதலில் வந்த முகம் கொழுத்த, சிவந்த கன்னங்களோடு இருந்தது. கடும் உபவாசங்களால் வயிறு கெட்டு, பிறகு கீல்வாதமும் பிடித்து, 600ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில் ஏறக்குறைய 2 வருசமாகப் படுக்கையில் கிடக்கிறேன், திருநாட்களில் 3 மணிநேரம் எழுந்து பூசை வைப்பதே பெரும்பாடு என்று சொன்ன மனிதர் அவர். கன்ன எலும்பு தெரிய வேண்டும். கண்ணுக்குக் கீழே லேசான குழி வேண்டும். இரண்டாம் திருத்தத்தில் பட்டறைச் சிற்பி பைபர் முகத்தின் மேலேயே பசைக்கலவை வைத்து இதைச் செய்தார். மிக அழகாக வந்திருக்கிறது. இந்தச் சுரூபத்தில் ஆக நல்ல இடம் அந்த இரண்டு அங்குலம்தான். பார்வை தாழ்ந்திருப்பதும் சரி. 5 அடித் தாங்கியில் ஏறும் சுரூபத்துக்கு நேர்ப்பார்வை கீறினால், கீழே நிற்பவர்களை விட்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி வருவது யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல். முடியை எடுத்து, உச்சியை மழித்து, மண்ணிற மேலாடையும் போட்டால் எங்கள் ஆக்களின் கண்ணுக்கு அது ஆர்? பாசையூர் அந்தோனியார்தான், வேறு ஆருமில்லை. தவிடு நிறமும் வட்டத் தலைமுடியும் இங்கே அவருக்கு எழுதிக் கொடுத்த சொத்து. வரலாற்றைச் சரியாகச் செய்யப்போய்க் கோயிலில் ஆளை மாற்றிவிட்டால், கிரகோரியார் சொன்ன நோக்கமே கெட்டுவிடும். தப்ப வழி பல்லியம். வெள்ளை ஆட்டுக் கம்பளியில் செய்த, சிலுவை பொறித்த பட்டை அது. அவருடைய காலத்தில் தோளைச் சுற்றி வந்து ஒரு நுனி முன்னாலும் மறு நுனி பின்னாலும் தொங்கும். 3 அடிச் சுரூபத்தில் அது குறைந்தது ஒன்றேகால் அங்குல அகலம் இருக்க வேண்டும். இங்கே முதலில் முக்கால் அங்குலம் வைத்து, அதுவும் மேலாடையோடு ஒட்டினாற்போல வெறும் பெயின்ற் கோடாக இழுத்திருந்தார்கள், தூரத்தில் தெரியவேயில்லை. இப்போது 3 மில்லிமீற்றர் தடிப்பில் மேலெழும்பி நிற்கிறது, கறுப்புச் சிலுவை தெளிவாக விழுகிறது. மண்ணிறத்தையும் தவிட்டு நிறத்துக்கு விடாமல், செங்கல் அரைத்த மாதிரிச் சிவப்புப் பக்கமாக இழுக்கச் சொல்ல வேண்டும்.

புறா. தோளில் ஒரு புறாவை ஒட்டிவிட்டால் கிரகோரியார் என்று நினைத்துவிடுகிறார்கள். மரபுக்கதை இப்படி. கிரகோரியார் மறையுரை சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார், நடுவில் திரை. நீண்ட நேரம் சத்தமில்லை. எழுத்தர் திரையில் சின்ன ஓட்டை போட்டுப் பார்த்தால், வெண்புறா ஒன்று அவரருகே இருந்து வாய்க்கு வாய் பேசுவதுபோல அலகை நீட்டியிருக்கிறது. ஆகவே அந்தப் பறவை களைத்துப்போய்த் தோளில் குந்தவில்லை, சொல்லிக்கொடுக்கிறது. அதன் அலகு காதுக்கோ வாய்க்கோ நேரே திரும்பியிருக்க வேண்டும், தலை அதன் பக்கம் ஐந்து பாகையாவது சாய்ந்திருக்க வேண்டும். பட்டறை ஒட்டிய புறா சனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாதாவின் காலடியில் வைக்கும் அச்சுப் புறா அது. திருப்பி ஒட்டிய பிறகுதான் சுரூபத்துக்கு உயிர் வந்தது. ஒட்டியது பசையால் மட்டும் என்பது குறை. புறாவின் கால் பென்சில் தடிப்புத்தான். துருப்பிடிக்காத உருக்கில் 6 மில்லிமீற்றர் ஆணி ஒன்றைத் தோளுக்குள் ஓரங்குலம் இறக்கிப் பொருத்தாவிட்டால் தூசு தட்டும்போதே கையோடு வரும்.

இடது கையிலிருக்கும் திறந்த நூலில் பட்டறைக்காரர் தாமாகவே ஐந்து கோடு இழுத்து, இன்றைய இசைக்குறிகளைக் கீறிவிட்டார்கள். பாடகர் குழாத்துக்கு என்று சொன்னதால் வந்த வினை. கிரகோரியன் இசை என்று நாங்கள் அழைக்கும் பாடல் தொகுதி 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் பிராங்கியர் நாட்டில் உருப்பெற்றது. அவர் பெயர் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. கோடு போட்டு இசை எழுதுவது அதற்கும் பிந்தியது. அப்படியென்றால் பாடகர் பக்கத்தில் அவரை வைப்பது பிழையா? இல்லை. 595இல் உரோமையில் கூட்டிய ஆயர் மன்றத்தில் அவர் ஒரு சட்டம் போட்டார். குரல் நல்லது என்பதற்காகவே ஆட்களைத் தியாக்கோன்களாக எடுக்கிறார்கள், அவர்கள் ஏழைகளைக் கவனிப்பதையும் போதிப்பதையும் விட்டுவிட்டுக் குரலுக்கு மெருகேற்றிக்கொண்டிருக்கிறார்கள், இனிப் பூசையில் தியாக்கோன் நற்செய்தி மட்டும் வாசிக்கட்டும், சங்கீதங்களை அடுத்த நிலையில் உள்ளவர்கள் பாடட்டும் என்பது அது. பாடகர் குழாத்துக்கு இதைவிட நல்ல பாதுகாவலர் எங்கே கிடைப்பார்? நூலில் எழுதவேண்டியது இசைக்குறி அல்ல, அவர் தன் கடிதங்களில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்: இறைவனின் ஊழியருக்கு ஊழியன். கொன்ஸ்தாந்திநோபிள் திருச்சபைத் தலைவரான பிதாப்பிதா, அனைத்துலகப் பிதாப்பிதா என்று பட்டம் சூடியதை எதிர்த்து எழுதியவர் தேர்ந்த பெயர் அது. இடது பக்கத்தில் இரண்டு வரி, வலது பக்கத்தில் இரண்டு வரி, எழுத்து அரை அங்குலம். இப்போது அப்படித்தான் இருக்கிறது.

பீடத்தில் 10 அங்குலத்துக்கு 4 அங்குலத்தில் புடைப்புச் சித்திரம் ஒன்றும் செய்து தருகிறார்கள், அதற்குத் தனி விலை. எந்தக் காட்சியைத் தெரிவது என்பதில் நிதானம் வேண்டும். 590இல் கொள்ளைநோய் உரோமையைத் தாக்கி, பாப்பரசர் 2ஆம் பெலாஜியுசும் அதில் இறந்துபோக, கிரகோரியார் நகரத்தவரை 7 கூட்டமாகப் பிரித்து மரியன்னை பேராலயத்தை நோக்கி மன்றாட்டுப் பவனி நடத்தினார். நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மணிநேரத்துக்குள் 80 பேர் விழுந்து செத்தார்கள் என்று தூர் நகரத்து ஆயரான இன்னொரு கிரகோரியார் எழுதியிருக்கிறார். நெஞ்சைப் பிடிக்கும் காட்சி, ஆனால் 4 அங்குல உயரத்தில் 7 கூட்டம் புளியங்கொட்டை கொட்டினமாதிரித்தான் வரும். கொள்ளைநோய் முடிந்ததற்கு அடையாளமாக மிக்கேல் சம்மனசு உரோமைக் கோட்டை உச்சியில் வாளை உறையில் போடும் காட்சி செதுக்க லேசானது. ஆனால் அது பிற்காலக் கதை.

இங்கே பலரும் இறந்த உறவுக்காக 30 நாள் தொடர்ந்து ஒப்புக்கொடுக்கும் கிரகோரியன் பூசையை நினைத்து, 3 பொற்காசு செதுக்கச் சொல்வார்கள். யுஸ்துஸ் என்ற மடத்துத் துறவி 3 பொற்காசை ஒளித்து வைத்திருந்து பிடிபட்டதும், இறந்தபின் அவருக்காக 30 நாள் பூசை ஒப்புக்கொடுத்ததும்தான் அந்த வழக்கத்தின் வேர். கதை சரி. ஆனால் ஆயர் உடலுக்குக் கீழே மூன்று பொன் வட்டம் வைத்தால் அது புனித நிக்கொலாசின் அடையாளம். திரும்பவும் ஆள் மாறிவிடும். எங்கள் தெரிவு வண்டில். நகரத்துத் தெருக்களில் கிடந்த நோயாளிகளுக்கு ஒவ்வொரு நாளும் சமைத்த சாப்பாடு அனுப்பினார். மாதத்தின் முதல் நாளில் தானியம், வைன், பாற்கட்டி, மரக்கறி, மீன், எண்ணெய் என்று அந்தந்தக் காலத்தில் வந்ததைப் பகிர்ந்தார். ஒரு வண்டில், ஒரு மாடு, கிண்ணம் நீட்டும் ஒரு கை. மூன்றே உருவம், 4 அங்குலத்தில் தெளிவாக விழும்.

பெயர்ப்பலகையை எழுதியபின் பார்க்காமல், எழுதமுன் பாருங்கள். முதலில் வந்த பலகையில் கிரகோரியன் நாட்காட்டியைத் தந்தவர் என்று பொறித்திருந்தது. நாட்காட்டி 1582இல் வந்தது, அதைத் தந்தவர் 13ஆம் கிரகோரி. இடையில் 978 வருசம். கிரகோரி என்ற பெயரில் 16 பாப்பரசர்கள் இருந்திருக்கிறார்கள், நாசியான்ஸ், நிசா ஊர்க் கிரகோரியார்கள் வேறு. கைத்தொலைபேசியில் தேடி எடுத்த படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னால் ஆர் வந்து நிற்பார் என்று சொல்லமுடியாது. பலகையில் இவ்வளவு போதும்: புனித பெரிய கிரகோரியார், பாப்பரசர், மறைவல்லுநர், 590–604. திருநாளாகச் செப்ரெம்பர் 3ஐப் போடுங்கள். அவர் இறந்த மார்ச் 12 பெரும்பாலும் தவக்காலத்துக்குள் விழுவதால், 1969 நாட்காட்டித் திருத்தத்தில் அவர் 590இல் பாப்பரசராகத் திருநிலைப்பட்ட நாளுக்கு மாற்றினார்கள். பழைய செபப்புத்தகம் வைத்திருக்கும் பெரியாக்கள் மார்ச் என்றுதான் சொல்வார்கள்.

இனி வேலைத்தரம். சுவர்த் தடிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. 450 கிராம் இழைப்பாய் என்றால் மூன்று படை. அடிப்பக்க ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும். இதில் பீடம் சரி, பின்முதுகு மெல்லிசு. உடல் முழுக்க விரல் கணுவால் தட்டிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் படைகளுக்கிடையே காற்று நிற்கிறது. வெயிலில் அந்த இடம் கொப்புளிக்கும். றெசினுக்கு இறுகுமருந்து எங்கள் வெக்கைக்கு நூற்றுக்கு ஒரு பங்கே காணும். அவசரத்துக்கு இரண்டுக்கு மேல் ஊற்றினால் சூடேறி மயிர்வெடிப்பு விழும். குறைத்தால் பிசுபிசுப்பும் மணமும் மாதக்கணக்கில் போகாது.

பெயின்ற் உரிவதற்குப் பெயின்ற் காரணமல்ல, அச்சில் பூசிய மெழுகு. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, 240 இலக்கக் கடதாசியால் தேய்த்த பிறகே அடிப்பூச்சு அடிக்க வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. பின்பக்கத்தில் ஒட்டும் ரேப்பை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பில் இழுங்கள். நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் பொறுப்பெடுக்காதீர்கள். இந்தச் சுரூபம் அதில் தேறியது. மேலாடை ஓரத்துப் பொன்வேலை தேறவில்லை. ஒட்டியது பொன்னல்ல, பித்தளைத் தாள். குருநகர், பாசையூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் மூடுபூச்சு இல்லாமல் விட்டால் அது கறுத்துப்போகும். இரண்டு பூச்சுத் தெளிந்த வாணிஸ் அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. உள்ளே கம்பி வைப்பதென்றால் துருப்பிடிக்காத உருக்கே வேண்டும். சாதாரண இரும்பு துருவேறிப் பருத்து, பைபரையும் வெடிக்க வைக்கும்.

செப்ரெம்பர் திருநாளுக்கு யூலையில் சொல்லிக் கொடுத்தால் பெயின்ற் அடிக்கும் நாட்கள் சரியாகச் சோளகக் காற்றுக் காலத்துக்குள் விழும். வெளிப்பந்தலில் வைத்து அடிக்கும் பட்டறையில் புழுதி முழுக்க ஈரப் பெயின்றில் குந்தும். இந்தச் சுரூபத்தின் இடது பக்கத்தைத் தடவினால் இன்னும் நெருநெருக்கிறது. மாரி வாடைக்குப் போனால் ஈரம் வேறு. மாசி, பங்குனிதான் நல்ல காலம். களிமண் நிலையில் ஒருதரம் போய்ப் பாருங்கள். மூக்கு, கன்னம், தலைச்சாய்வு எல்லாம் அங்கே பெருவிரலால் மாறும். றப்பர் அச்சு எடுத்த பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் காசும் கிழமையும் போகும்.

பவனிக்குக் கூட்டில் ஏற்றுவதாக இருந்தால் அதை முதலே சொல்லிவிடுங்கள். பீடத்துக்குள் நாலு மூலையிலும் திருகாணி முடுக்க 10 மில்லிமீற்றர் சுரை புதைத்து, அடியில் மணலும் றெசினும் கலந்து 4 கிலோ அளவில் ஊற்றித் தருவார்கள்; ஒழுங்கையில் தோளாட்டத்துக்குக் கவிழாது. புறாவை மட்டும் இரண்டாகச் செய்விக்கவும், ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும்.